இன்ஜின் கழுவப் போகிறீர்களா? பிரஷர் வாஷரைத் தொடாதீர்கள்

விடுமுறை முடிந்த மறுநாள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வகை வண்டி வந்து நிற்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே முகம் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்தால் உடம்பெல்லாம் குலுங்கும். தொழில் கற்ற காலத்தில் நாங்கள் செய்து திட்டு வாங்கிய அதே வேலையைப் புதியவர்கள் இப்போது வீட்டு வாசலில் செய்துவிட்டு வருகிறார்கள். சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றாதே, ஃபியூஸ் பெட்டியை மூடிக்கொள் என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரஷர் வாஷர் அடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத விஷயம் இதுதான். “மழையில் ஓடுகிற வண்டிதானே, தண்ணீர் என்ன செய்துவிடும்?” என்று எதிர்க்கேள்வி வேறு. மழைநீர் பானெட்டின் மேல் விழுந்து வழிந்து போகிறது. அடியிலிருந்து தெறிப்பதும் வெறும் சாரல்தான். கனெக்டர்களில் இருக்கும் ரப்பர் சீல் அந்தச் சாரலைத் தடுக்கப் போட்டது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சாதாரண பிரஷர் வாஷரே 100 பார் அழுத்தத்தில் அடிக்கும். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் வரும் நீர் சீலின் விளிம்பை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். போன நீரை வெளியே விடாமல் அதே சீல் பத்திரமாகக் காத்தும் வைக்கும்.

ஸ்பார்க் பிளக் குழி இதைவிட மோசம். இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் (தீப்பொறிக்கான உயர் அழுத்த மின்சாரம் தருவது) உண்டு. பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும். அதன் மேல் காயில் செருகியிருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே என்று நம்பி அடிக்கிறார்கள். அந்த மூடி அழகுக்கும் சத்தத்தைக் குறைப்பதற்கும் வைத்தது. தண்ணீரைத் தடுக்காது, உள்ளே தேங்கியதைக் கண்ணில் படாமல் மறைக்கும்.

கெடுதல் உடனே தெரிவதில்லை. கழுவிய கையோடு ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒழுங்காகவே ஓடும். இன்ஜின் சூடேறச் சூடேறக் குழியில் கிடக்கும் நீர் ஆவியாகி, காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறையை நனைக்கும். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கத்து உலோகச் சுவருக்குத் தாவும். அப்புறம் மிஸ்ஸிங்தான், அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகும்.

இப்படி வந்த ஒருவர், கழுவிய அன்று நன்றாகத்தான் ஓடியது என்று அடித்துச் சொன்னார். ஒரு காயிலை உருவினேன். ரப்பர் உறையின் நுனியிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. துடைத்துப் பார்த்தால் ரப்பரின் மேல் நெடுக, பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய சாம்பல் கோடு. தீப்பொறி ஓடிய தடம் அது. அந்தக் கோடு விழுந்துவிட்டால் வெயிலில் காய வைத்துப் பயனில்லை. மின்சாரம் மறுபடியும் அதே வழியில்தான் போகும். மாற்றத்தான் வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே வாரம் முழுக்க அலுவலகம் போய் வந்திருக்கிறார். அந்த விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வர அவகாசம் உண்டு. சிமிட்டினால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. அவருக்கும் அதுதான் நடந்தது. காயிலின் விலையைப்போலப் பல மடங்கு செலவு, ஓர் இன்ஜினைப் பளபளவென்று பார்க்கும் ஆசைக்காக.

டீசல் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. இன்ஜெக்டர் கனெக்டரும் சென்சாரும் இருக்கின்றன.

குழியில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், காயிலை எடுத்ததும் பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் குழியில் உள்ள நீர் மொத்தமும் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் கம்ப்ரசர் காற்றால் குழியை ஊதிக் காய வையுங்கள், கண்ணுக்கு ஏதாவது மாட்டிக்கொண்டு. பிளக்கில் கை வைப்பது அதன் பிறகு.

இவ்வளவு வம்பு எதற்கு? கை வைத்தால் சுடாத இன்ஜின், ஸ்பிரே பாட்டிலில் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்), ஒரு பிரஷ், ஈரத்துணி நாலைந்து. வீட்டில் இது போதும். ஹோஸ் பைப்புகூடத் தேவையில்லை.

டீகிரீசரை அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது

காரம் அதிகமுள்ள டீகிரீசர் அலுமினியத்தில் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் விழும். தேய்த்தால் போகாது, உலோகமே அரித்திருக்கும். ஒரு பகுதியில் அடி, பிரஷ் போடு, துடை, அடுத்த பகுதிக்குப் போ. வெயிலில் செய்யாதீர்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய்

வேண்டாம். தீ ஒரு பக்கம், ஊறிப் பருத்துப்போகும் ரப்பர் ஹோஸ் மறுபக்கம்.

பளபளப்புக்கு சிலிக்கான் ஸ்பிரே

பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்

தொடாதீர்கள்.

கசிவைக் கழுவிவிட்டு மெக்கானிக்கிடம் வருவது

“எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது, அதனால் நன்றாகக் கழுவிக் கொண்டுவந்தேன்” என்பார்கள். தடயத்தை அழித்துவிட்டு என்னிடம் துப்புத் துலக்கச் சொன்னால் எப்படி? ஆயில் ஒழுகும் இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வழிந்தது என்பதை அந்தப் படிவு காட்டிக்கொடுக்கும். ஒழுகல் இருக்கிறதென்று தெரிந்தால், துணியை எடுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பிறகு துடைத்துவிட்டு வழக்கம்போலச் சில நாள் ஓட்டுங்கள். இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவர் ஓரத்தில் தொடங்கி, ஆயில் ஃபில்டர் வரை டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஆகவே ஈரம் தெரிகிற இடங்களில் எது ஆக மேலே, ஆக முன்னே இருக்கிறதோ, கேஸ்கெட்டை (இணைப்பில் கசியாமல் அடைக்கும் பட்டை) முதலில் அங்கே சோதிக்க வேண்டும்.