குழந்தை வார்டில் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்வது எப்படி

பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளில் பெற்றோரிடம் பேசவும் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டவும் தனி ஆட்கள் இருப்பார்கள். சமுதாய மருத்துவமனையில் பெரும்பாலும் சில கட்டில்கள், ஷிஃப்டுக்கு ஓரிரு நர்ஸ்கள், ஒரு டியூட்டி டாக்டர், அவ்வளவுதான். இங்கே பெற்றோரைச் சேர்த்துக்கொண்டால்தான் வேலையே ஓடும்.

பார்வையாளர் நேரப் பலகையிலிருந்து ஆரம்பியுங்கள். 'பெற்றோருக்கு இந்த நேரக் கட்டுப்பாடு இல்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கால் நீட்டிச் சாய ஒரு நாற்காலியும் வேண்டும். இரண்டு ராத்திரி தூங்காத அம்மாவிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், மனதில் ஏறாது.

அட்மிஷனில் எடையை நீங்களே நிறுத்து, கிலோவில் மட்டும் எழுதுங்கள். பெற்றோர் சொல்வது பழைய எடையாக இருக்கலாம். மருந்தளவு முழுக்க இப்போதைய எடையை வைத்துத்தான். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மருந்தை எப்படிக் குடிக்கும், வலித்தால் அழுமா, சுருண்டு படுத்துவிடுமா என்று கேட்டு கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே குறியுங்கள். உள்ளே எங்காவது எழுதினால் அடுத்த ஷிஃப்டு மறுபடி கேட்கும். மூன்றாம் முறை கேட்கும்போது பெற்றோருக்கு நம்மேல் நம்பிக்கை போய்விடும். "இவன் இப்படி இருக்கவே மாட்டான்" என்று அம்மா சொன்னால் நாடித்துடிப்பைப் போலவே அதையும் நேரம் போட்டு எழுதி, டாக்டரைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் 2023-இல் வந்த தேசியக் குழந்தை எச்சரிக்கை அட்டவணையில் (குழந்தையின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் தாள்) பெற்றோர் கவலைக்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

டாக்டர்கள் கட்டில் கட்டிலாக வந்து பார்க்கும் ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கட்டிலருகே முதல் பேச்சு பெற்றோருடையதாக இருக்கட்டும்: "ராத்திரி எப்படி இருந்தான்?" டாக்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் திரும்பி "ஏதாவது சந்தேகமா?" என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. மொழி தெரியாத குடும்பத்துக்கு அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பயமான செய்தியைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள்.

வார்டில் பெரும் ரகளை ஊசி குத்தும்போதுதான், அதுவும் பெரும்பாலும் அவசரத்தால் வருவது. தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின்-பிரிலோகெயின் களிம்பை இரண்டு இடத்தில் தடிமனாக வைத்து மூடுங்கள். ஒரு நரம்பு கிடைக்காவிட்டால் இன்னொன்று தயாராக இருக்கும். மரத்துப்போக ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் குத்திவிட்டு 'களிம்பு வேலை செய்யவில்லை' என்பதில் அர்த்தமில்லை. பச்சிளங்குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் இதைப் பூச வேண்டாம்.

நடக்கும் வயதுக் குழந்தையைப் படுக்கவைத்து அமுக்கினால் பயம் இரட்டிப்பாகும். அப்பா நாற்காலியில் உட்காரட்டும். குழந்தை அவர் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக, கால் இரண்டும் அவர் இடுப்பின் இருபுறமும். ஊசி போடும் கை அவர் அக்குள் வழியாகப் பின்பக்கம் நீண்டிருக்கட்டும், குழந்தைக்கு அது தெரியாது. கையை அசையாமல் பிடிப்பது நர்ஸின் வேலை, அணைத்துக்கொள்வது மட்டும்தான் அப்பாவின் வேலை. கைக்குழந்தையென்றால் குத்துவதற்குச் சற்று முன்பிருந்தே பால் கொடுக்கச் சொல்லுங்கள், முடியும்வரை நிறுத்த வேண்டாம். அறையில் ஒரே ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் வேண்டாம். இரண்டு முறை தவறினால் ஆளை மாற்றுங்கள். பக்கத்தில் நிற்க முடியாது என்று சொல்லும் பெற்றோரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது சிரப்பில்தான் தவறு அதிகம் நடக்கும். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 3 மில்லி; 5 மில்லியில் 120 உள்ளதென்றால் 6.25 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் வெறும் ஒன்றரை மில்லி. 'ஒரு ஸ்பூன்' என்று சொல்லி அனுப்பினால் எந்த பாட்டிலிலிருந்து எந்த ஸ்பூன் என்று யாருக்குத் தெரியும்? ஊசியில்லாத சிரிஞ்சில் அளவுக்கோட்டின் மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், ஒரு வேளை மருந்தை எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். நுரையையும் சேர்த்து அளந்துவிடுவது அப்போதுதான் கண்ணில் படும்.

இருமலோடு போகும் குழந்தையென்றால் மூச்சு எண்ணக் கற்றுக்கொடுங்கள்: குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, முழுசாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் திரும்பி வர வேண்டும். நெஞ்சு உள்வாங்கினாலோ பால் குடிக்க முடியாவிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்பணும். இதையும் ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணையும் டிஸ்சார்ஜ் தாளின் மேலேயே எழுதுங்கள். அந்த எண்ணை நடுராத்திரியில் யாராவது எடுக்கிறார்களா என்று நீங்களே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.