சின்ன வீட்டுக்குச் சாப்பாட்டுக் கதிரை: எங்கே பிழைத்துப் போகிறது?

தளபாடக் கடைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு மேசையைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். என்ன மரம், மேலே கண்ணாடி வருமா, எத்தனை பேர் இருக்கலாம் என்று கடைக்காரரைக் குடைந்து கேட்பார்கள். கதிரை மேசையோடு சேர்ந்து வருவதுதானே என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மேசை போட்ட இடத்தில் அசையாமல் நிற்கும். இழுபடுவது, நனைவது, கறைபடுவது, காலில் இடிபடுவது எல்லாம் கதிரைதான். யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் இரண்டு பரப்புக் காணியில் எழும்புகிற புது வீடுகளிலும், 550 சதுர அடியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளிலும் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கிடைக்கிற இடம்தான் சாப்பாட்டு இடம். அங்கே கதிரை பிழைத்தால் வீடு முழுக்க நெருக்குப்படும்.

உள்ளே தள்ளிய கதிரையை அளப்பது

கடையில் கதிரை மேசைக்குள் தள்ளியபடி வடிவாக நிற்கும். அப்படி நிற்கும்போது எடுத்த அளவை வைத்து வீட்டில் இடம் போதும் என்று முடிவெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ஆள் இருந்து சாப்பிடும்போது கதிரை வெளியே வந்து நிற்கும். எழும்பும்போது இன்னும் பின்னால் போகும். மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை குறைந்தது 75 சென்ரிமீற்றர் இருந்தால்தான் ஒருவர் கதிரையைத் தள்ளி எழும்பலாம். இருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் குழம்புச் சட்டியோடு போக வேண்டும் என்றால் 90 சென்ரிமீற்றராவது வேண்டும்.

எட்டடி அகலமான இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 244 சென்ரிமீற்றர். 75 அகலமான மேசையை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 84, 85 மிஞ்சும். எழும்பலாம், ஆனால் இரண்டு பக்கத்தாலும் ஆள் போக முடியாது. மேசையை நடுவில் போட வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி வாங்கு ஒன்றைப் போட்டு, மேசையை அதன் பக்கம் நகர்த்திப் பாருங்கள். வாங்குப் பக்கத்துக்கு 45 சென்ரிமீற்றர் போதும், ஏனென்றால் அதை யாரும் பின்னால் தள்ளப் போவதில்லை. மறுபக்கம் 120க்கு மேல் கிடைக்கும். அங்கே இரண்டு கதிரை போட்டு, பின்னால் ஆறுதலாக நடந்து திரியலாம். வாங்கில் உள்ளே நகர்ந்துதான் இருக்க வேண்டும் என்பதால் அது பிள்ளைகளுக்கும் இளசுகளுக்கும்தான் சரி. அம்மம்மாவை அந்தப் பக்கம் அனுப்பக் கூடாது.

வாங்க முதல் சோக்கட்டியால் நிலத்தில் மேசையைக் கீறி, கதிரை வெளியே வருகிற தூரத்தையும் கீறிவிட்டு ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறிட்ஜ் கதவு முழுதாகத் திறக்கிறதா, குசினி வாசல் மறைபடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

நாலு பேர் மேசை என்ற பேச்சை நம்புவது

ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட மேசை விளிம்பில் 60 சென்ரிமீற்றர் வேண்டும். அதனால் நாலடி மேசையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் அந்த மேசைக்கு நாலு மூலையிலும் கால் இருக்கிறது. கால்களுக்கு இடைப்பட்ட தூரம் 105 சென்ரிமீற்றர் அளவில்தான் வரும். 52 அகலமான கதிரை இரண்டை அதற்குள் தள்ளினால் ஒன்றோடொன்று உரசும், மேசைக் காலையும் அடிக்கும். நாலடி மேசைக்கு 45 சென்ரிமீற்றருக்கு மிஞ்சாத கதிரைதான் பொருத்தம். நடுவில் ஒற்றைக் கால் வைத்த வட்ட மேசையில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மீற்றர் விட்டமான வட்ட மேசையில் நாலு பேர் தாராளமாக இருக்கலாம்.

கைப்பிடி உள்ள கதிரைக்கு இன்னொரு அளவும் வேண்டும். மேசைப் பலகைக்குக் கீழே ஓடுகிற சட்டத்தின் உயரத்தையும் கைப்பிடியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். கைப்பிடி சட்டத்தில் முட்டினால் கதிரை எந்த நாளும் அரைவாசி வெளியே நிற்கும், போகிறவர் வருகிறவரெல்லாம் இடுப்பை இடித்துக்கொள்வார்கள். அதற்காகக் கைப்பிடியே வேண்டாம் என்றும் இல்லை. முழங்கால் நோ உள்ளவர்கள் ஊன்றி எழும்ப ஒரு கதிரைக்காவது கைப்பிடி வேண்டும். அந்த ஒன்றை மேசையின் தலைமாட்டில், நடைபாதைக்கு விலகிப் போட்டால் சரி.

உயரம்

மேசை பெரும்பாலும் 75 சென்ரிமீற்றர் உயரம். கதிரையின் இருக்கை 43 முதல் 48 வரை. இரண்டுக்கும் இடையில் 25 முதல் 30 சென்ரிமீற்றர் இருந்தால் துடையும் இடிக்காது, தோளும் உயராது. குஷன் இருக்கையை ஆள் இருந்து அமிழ்ந்த பிறகு அளக்க வேண்டும். அமிழாத குஷன் உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும்.

நாங்கள் கையால் சாப்பிடுகிற ஆக்கள். கோப்பைக்கு மேல் குனிந்து, நெஞ்சை மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்துதான் சாப்பிடுவோம். பின்னால் நன்றாகச் சரிந்த முதுகும் ஆழமான இருக்கையும் உள்ள கதிரை கதைத்துக்கொண்டிருக்கச் சுகமாக இருக்கும். சோறு குழைத்துச் சாப்பிடும்போது ஆள் நுனிக்கு வந்துவிடுவார், முதுகு சும்மா கிடக்கும். இருக்கை ஆழம் 40, 42 சென்ரிமீற்றர் போதும். பாதம் முழுதாக நிலத்தில் பட வேண்டும். இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். வீட்டில் மிகக் கட்டையானவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரைத்தான் முதலில் இருத்திப் பார்க்க வேண்டும். ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டு சாப்பிடுகிற பழக்கம் உள்ளவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிண்ணம் போலக் குழிந்த இருக்கை சரிவராது, தட்டையானதுதான் வேண்டும்.

குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்துத் துணி எடுப்பது

ரொறொன்ரோவில் இருக்கிற அக்கா தன் வீட்டுப் படத்தை அனுப்புவா. வெள்ளை மேசை, பால் நிற வெல்வெற் கதிரை. பார்க்க வடிவுதான். அங்கே வருசத்தில் அரைவாசி குளிர், அதற்குத் துணி இதமாக இருக்கும். இங்கே சித்திரை மத்தியானத்தில் அந்தக் கதிரையில் இருந்து எழும்பினால் முதுகு நனைந்திருக்கும். அதோடு மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு ஒரு சொட்டு விழுந்தால் வெளிர் துணியில் அது போகவே போகாது. வெயிலில் வைத்தால் மஞ்சள் கொஞ்சம் வெளிறும், எண்ணெய் வட்டம் நிற்கும்.

துணிக்குப் பதில் தோல் மாதிரி இருப்பதை எடுப்போம் என்பார்கள். அதில்தான் பெரிய ஏமாற்று இருக்கிறது. மெதுவாக, மினுக்கமில்லாமல், உண்மையான தோல் போலவே இருக்கிற பியூ (பொலியூரித்தேன்) வகை காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். சில வருசத்தில் செதில் செதிலாக உரிந்து சாரத்தில் ஒட்டும். அதற்குப் பராமரிப்புக் குறைவு காரணமில்லை, அந்தப் பொருளின் இயல்பே அதுதான். பழைய பிவிசி றெக்சின் அப்படிக் கெதியாக உரியாது, ஆனால் வேர்க்கும். குஷன் கட்டாயம் வேண்டும் என்றால் மரக் கதிரையில் கட்டி அவிழ்க்கிற மெல்லிய பருத்தி மெத்தை போடுங்கள். கழுவலாம், நிறமும் மாற்றலாம்.

பிரம்பு பின்னிய இருக்கையை ஏனோ பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றுப் போகும், பாரம் குறைவு, சின்ன இடத்தில் கண்ணை மறைக்காது. வியன்னாவின் மைக்கேல் தோனெற் 1859இல் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரையும் மரத்தை நீராவியில் வளைத்து, இருக்கைக்குப் பிரம்பு பின்னியதுதான். அதைக் கழற்றி ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகளை அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கத்தை நனைத்து நிழலில் காயவிட்டால் திரும்ப இறுகும். அறுந்துவிட்டால் பின்னித் தர ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும் வாங்க முதல் விசாரித்து வையுங்கள்.

காலைப் பார்க்காமல் வாங்குவது

கதிரை சாகத் தொடங்குவது காலில். ரைல்ஸ் நிலத்தை நாளாந்தம் துடைக்கிறோம், அந்தத் தண்ணீர் கால் நுனியில் நிற்கும். யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடலும் கடனீரேரியும்தான், காற்றில் உப்பு இருக்கிறது. குருநகர், பாஷையூர்ப் பக்கத்து வீடுகளில் இரும்புச் சன்னல் கம்பியைப் பார்த்தாலே கதை விளங்கும். பவுடர் பெயின்ற் அடித்த இரும்புக் காலில் நுனி மூடி கழன்ற அன்றே துரு உள்ளே போய்விடும். வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே குழாய் உதிரும்.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்று சொல்லிக் கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். “ஒட்டேல்லைப் பாருங்கோ அக்கா, சுத்தமான சாமான்.” காந்தம் ஒட்டாமல் இருப்பது அவ்வளவு பெரிய சான்றில்லை. மலிவான 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் குறைந்த அது உப்புக் காற்றில் 304 தரத்தை விடக் கெதியாகக் கறள் பிடிக்கும். கடலுக்குக் கிட்ட என்றால் 316தான் நிற்கும், ஆனால் வீட்டுக் கதிரையில் அது கிடைப்பது அரிது. தரம் என்ன என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

மரத்திலும் இதே கதைதான். தேக்கு என்று சொன்னால் போதாது, முற்றிய உள்மரமான வைரம் எவ்வளவு என்று பாருங்கள். வைரப் பகுதியைக் கறையான் இலேசில் தொடாது. வெளிறிய வெள்ளைப் பகுதியை அரித்துவிடும். ஒரே கதிரையின் முதுகு வைரமாகவும் பின்னங்கால் வெள்ளையாகவும் இருப்பதுண்டு, கடும் நிற வார்னிஷ் அதை மறைக்கும். கதிரையைக் கவிழ்த்து, வார்னிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். றப்பர் மரக் கதிரை மலிவு, வெளிர் நிறம், இன்றைய வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் அந்த மரத்துக்குச் சொந்தமாகப் பூச்சியைத் தாங்கும் குணம் இல்லை. போரன் மருந்து ஏற்றித்தான் விற்கிறார்கள், அந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறும். தினமும் நனைகிற காலுக்கு அது எவ்வளவு நாள் காவல் இருக்கும்? கால் நுனிக்கு நைலோன் அடி அடித்து, நிலத்திலிருந்து சற்று உயர்த்திவிட்டால் ஆயுள் கூடும். பஞ்சு வட்டம் ஒட்டுவது ஈரத் துடைப்புக்கு நிற்காது, மணலையும் பிடித்து வைத்து ரைல்ஸைக் கீறும். கறுப்பு றப்பர் மூடி வெள்ளை ரைல்ஸில் கோடு போடும்.

கவிழ்த்த கையோடு மூட்டுகளையும் பாருங்கள். கால் சேரும் இடத்தில் துளை போட்டு இறக்கிப் பசை வைத்திருக்கிறதா, ஆணி மட்டும் அடித்திருக்கிறதா? மூலைக்கு மூலை சிறு கட்டை வைத்துத் திருகாணி போட்டிருந்தால் நல்லது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, பின்னங்காலில் நிறுத்தி மெல்ல முறுக்கிப் பாருங்கள், முனகினால் வேண்டாம். தளபாடத்துக்குப் பேர்போன மொறட்டுவையிலிருந்து வருகிறது என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. அங்கே திறமான வேலையும் நடக்கிறது, அவசர வேலையும் நடக்கிறது. ஊர் ஓடாவியாரிடம் வேம்பிலோ மகோகனியிலோ செய்விப்பதில் ஒரு வசதி, அளவு உங்களுடையது. மரம் காய்ந்ததா என்று கேட்டு, மாரி மழைக்குள் அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

நவீனம் என்றால் இதுதான் என்று நினைப்பது

இப்போது எந்தக் கடையிலும் பிளாஸ்ரிக் ஓடு, மெல்லிய மரக்கால், இடையில் கறுப்புக் கம்பி என்று ஒரு கதிரை நிற்கும். அது சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1950இல் பைபர் கிளாஸில் வெளியிட்ட கதிரையின் தூரத்துச் சொந்தம். பாரம் குறைவு, துடைக்கலாம், சின்ன வீட்டுக்கு உண்மையில் நல்ல தெரிவு. ஆனால் மலிவுப் பிரதியில் இருக்கையையும் காலையும் சேர்க்கிற திருகாணிகள் சில மாதத்தில் தளரும், கம்பி துருப்பிடிக்கும். அவற்றை இறுக்குகிற அலன் சாவியை எறிந்துவிடாமல் குசினி லாச்சியில் வையுங்கள். தேர் மாதிரி உயர்ந்த முதுகுக் கதிரையை விட இது எவ்வளவோ மேல். உயர்ந்த முதுகு ஆறு வரிசையாக நின்றால் சின்ன ஹோல் இரண்டாகப் பிரிந்ததுபோல் தெரியும்.

வராத விருந்தாளிக்குக் கதிரை வாங்குவது

வீட்டில் இருப்பது நாலு பேர். வாங்குவது ஆறு, சிலர் எட்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வருவார்கள், அப்போது என்ன செய்வது என்பார்கள். அந்த 25 நாளுக்காக மிச்ச 340 நாளும் இரண்டு கதிரையைச் சுற்றி நடப்பது என்ன கணக்கு? நாலு நல்ல கதிரை, மேசைக்குக் கீழே முழுதாக மறைகிற இரண்டு ஸ்ரூல் போதும். அதற்கு மேல் ஆள் வந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் கதிரைகளை எடுக்கலாம். அதிலும் ஒரு கவனம்: அவற்றை முற்றத்து வெயிலில் விட்டால் நிறம் வெளிறி, மேற்பரப்பு மாவாகிக் கையில் ஒட்டும். அந்த நிலைக்கு வந்த கதிரையின் கால், பாரமான ஆள் சற்றுச் சரிந்து இருந்தால் முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும். அப்படிப்பட்டதை விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள், பூச்சாடி வைக்க எடுங்கள்.