மழையோ வெயிலோ, ஆள் அதிகம் போகாத இடங்களுக்கு நண்பர்களோடு

கூட்டம் எட்டிப் பார்க்காத அருவிகள் வரைபடத்திலேயே தெரியும். உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கிக் கிடக்கும் இடத்தை ஓடைக்கோடு வெட்டினால், அங்கே அருவி இருக்க நல்ல வாய்ப்புண்டு. அனுமதி வேண்டிய காடா, தனியார் நிலமா என்று விசாரித்துவிட்டு, அந்தப் பகுதி வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள். சிக்னலை நம்பிப் போகாதீர்கள்.

நேரக் கணக்கு எளிது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகமே எல்லோருக்கும் வேகம்.

மழையில் பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். ஓடையில் இறங்கும்முன் ஒரு நிமிடம் தண்ணீரையே பாருங்கள். தெளிவாக ஓடியது திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் கடக்காதீர்கள். முழங்கால் அளவு வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும். மின்னலடித்து 30 நொடிக்குள் இடி கேட்டால் முகட்டைவிட்டு இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

வெயிலில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். பாதி தீர்ந்ததும் திரும்புங்கள். திரும்பும் வழி ஏற்றமென்றால் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே.