சைட் வாங்கியாச்சு, உடனே பூமி பூஜையா?

திருப்பூர், பல்லடம் பக்கம் புது சைட் எதற்குள் நுழைந்தாலும் பேஸ்மட்டத்தோடு நின்றுபோன வீடு ஒன்று கண்ணில் படும். பில்லர் கம்பி துருவேறி நிற்கும், ஹால் வரவேண்டிய இடத்தில் வேலிக்காத்தான் முளைத்திருக்கும். அந்த வீட்டுக்காரர் ஏமாளி ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் பொறுக்காமல் அவசரப்பட்டு ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆரம்பிக்க வைப்பது பெரும்பாலும் சொந்தக்காரர் பேச்சு. "வாடகைக்குக் கொடுக்கற காசுல லோனைக் கட்டிரலாம் மாப்ள" என்று மாமா சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 21,700 ரூபாய். நம் ஊரில் 9,000 வாடகை கொடுப்பவருக்கு இது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதைவிட, வேலை முடிகிறவரை வாடகையும் போகும், வங்கி அதுவரை கொடுத்த பணத்துக்கு வட்டியும் போகும். இந்த இரட்டைச் செலவை மாமா சொல்ல மாட்டார்.

இன்னொன்று, நம் பகுதி வருமானம் ஒரே சீராக வருவதில்லை. பனியன் கம்பெனியில் ஆர்டர் இருந்தால் இரண்டு ஷிப்ட், இல்லையென்றால் வாரம் மூன்று நாள் வேலை. தறி ஓட்டுபவருக்கு நூல் விலை, மஞ்சள் போட்டவருக்கு ஈரோடு மார்க்கெட். தீபாவளிக்கு முந்தின மாத வரவை வைத்துத் தவணையைத் தீர்மானிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கடந்த இரண்டு வருஷத்தில் எந்த மாதம் மிகக் குறைவாக வந்ததோ, அந்த மாதத்தில் கட்ட முடிகிற தொகைதான் உங்கள் தவணை. சந்தேகமிருந்தால் வாடகையையும் கட்டிக்கொண்டு அதே 21,700-ஐ ஒரு வருஷம் ஆர்.டி.யில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டுப் பாருங்கள். முடிந்தால் கையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். முடியாவிட்டால் நஷ்டமில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

அந்தச் சேமிப்பு எப்படியும் தேவைப்படும். 30 லட்சம் வரையான வீட்டுக்கடனில்கூட வங்கி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் தரலாம். அதையும் பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப் என்று வேலை ஏற ஏறத்தான் விடுவிப்பார்கள். முதலில் நம் பணம் மண்ணுக்குள் போக வேண்டும்.

மண் என்றதும் என் கதை. மேலே பார்க்கச் செம்மண்தான் என்று நம்பி, மேஸ்திரி சொன்ன நாலடி அஸ்திவாரத்துக்குப் பட்ஜெட் போட்டேன். தோண்டினால் உள்ளே கரிசல். அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். மேலே நிற்கும் சுவரும் அதோடு வெடிக்கும். கெட்டித் தரை வரும்வரை எட்டடி இறங்கினோம். டைல்ஸுக்கு எடுத்து வைத்திருந்த காசு அங்கேயே முடிந்தது. தேதி குறிக்கும் முன் நாலு மூலையில் குழி எடுத்துப் பாருங்கள். இன்ஜினியரை வைத்து மண் பரிசோதனையே செய்தால் இன்னும் நல்லது.

சதுர அடி ரேட்டைக் கட்டடத்தின் பரப்போடு பெருக்கி "இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, காம்பவுண்ட், கேட், கப்போர்டு, இ.பி. இணைப்பு இவையெல்லாம் பெரும்பாலும் அந்த ரேட்டில் வராது. போர்வெல் செலவு தனி. ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகை வந்த சைட்டுகள் இங்கே உண்டு. தண்ணீருக்கு வழி செய்யாமல் ஆரம்பித்தால், தளம் போட்டதும் வாரக்கணக்கில் நனைக்க லாரித் தண்ணீர்தான்.

பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் சுயசான்று முறையில் (விவரமெல்லாம் சரி என்று நாமே உறுதி கொடுத்து) அனுமதி வாங்கலாம். சீக்கிரம் கிடைக்கிறது, சரி. ஆனால் அங்கீகாரமில்லாத மனைக்கு அது கைகொடுக்காது.

நண்பர் ஒருவர் அந்த ஆர்.டி. சோதனையைச் செய்து பார்த்தார். ஆறாவது மாதம் கம்பெனியில் ஆர்டர் இல்லை, தவணை நின்றுவிட்டது. 1,100 சதுர அடி பிளானை 700 ஆகக் குறைத்து, மறு வருஷம் கட்டினார். இரண்டாவது பெட்ரூமுக்காக விட்ட இடத்தில் இப்போது முருங்கை நிற்கிறது.