தில்லி வெயிலில் என் இட்லிப்பூ

மயூர் விஹார் வீட்டு வாசலில் ஊர் ஞாபகத்துக்காக இட்லிப்பூச் செடி நான்கு வைத்தேன். மே மாதம் கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக்கோடு போட்ட மாதிரி நின்றது. வெயில்தான் காரணம் என்று இரண்டு வேளையும் போர் தண்ணீரை ஊற்றினேன், இன்னும் மோசமானது. அப்புறம்தான் புரிந்தது: அது உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர், மண் காரமாகிவிட்டால் அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, இட்லிப்பூவுக்கோ கொஞ்சம் அமில மண் வேண்டும்.

தொட்டி மண்ணை மாற்றி, இரும்புக் கீலேட் (காரமண்ணிலும் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும் இரும்புச்சத்து உரம்) கரைத்து ஊற்றி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து (அது சும்மாதானே போகிறது!) காலையில் மட்டும் விட்டேன். மேலே காய்ந்த வேப்பிலை மூடாக்கு. புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. மேற்குச் சுவரோரம் இருந்த ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. அங்கே இப்போது காகிதப்பூ, தண்ணீர் மறந்தால்தான் நன்றாகப் பூக்கிறது.