பழைய காரில் எண்ணெய் ஒழுகினால்: காசைக் கரைக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளிலும் தாமான் குடியிருப்புகளிலும் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. வீரா, ஈஸ்வரா, கன்சில், 2005இல் வந்த முதல் மைவி. இந்த வயதில் இன்ஜினில் கொஞ்சம் எண்ணெய் கசிவது சகஜம். சூட்டிலேயே கிடக்கும் ரப்பர் சீல் நாளடைவில் கல்லாக இறுகிவிடும். அதன் ஓரத்தில் எண்ணெய் வழியத் தொடங்கும். சீலின் விலை பெரும்பாலும் பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) தான். எங்கே கசிகிறது என்று பார்க்காமல் வண்டியைக் கழற்றக் கொடுப்பதில்தான் பணம் போகிறது.

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் விட்டுப்போனால், எண்ணெய் பின்பக்கமாக இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்த்தவர் “பின் சீல் போய்விட்டது” என்பார். பின் சீல் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலி மட்டுமே நூற்றுக்கணக்கில் வரும். எல்லாம் மாற்றிய பிறகும் சொட்டு நிற்காது. போதாக்குறைக்கு நம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து இன்ஜினில் சேறாக அப்பிக்கிடக்கும். அதற்குள் எதைக் கண்டுபிடிப்பது?

அதனால் முதலில் கழுவுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற மின்சாமான்களைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம் போட்டுக் கழுவி, ஓரிரு நாள் ஓட்டுங்கள். அப்புறம் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, சந்தேகம் முதலில் அதன்மேல்தான். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டால் நிறமும் தெரிந்துவிடும். பழுப்போ கறுப்போ என்றால் பெரும்பாலும் இன்ஜின் எண்ணெய். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோ கியர் அல்லது பவர் ஸ்டியரிங் எண்ணெய். நிறமே இல்லாத தண்ணீர் ஏர்கோன் விடுவது, அதை விட்டுவிடலாம்.

“குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்” என்று ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஊற்றுவதில் தப்பில்லை, அளவு பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. கன்சில் போன்ற சின்ன இன்ஜின் பிடிப்பதே மூன்று லிட்டரைச் சுற்றித்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே அதற்குப் பெரிய அடி. சிவப்பு விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமதரையில், இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தால் போதும். புக்கிட் பெராப்பிட் ஏற்றம் ஏறி பினாங்கு போகப்போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள்.

கசிவை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் மருந்து, ரப்பரை ஊறவைத்துக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கு அது ஒன்றும் செய்யாது. பழைய கேஸ்கெட்டின் மேலேயே சிலிக்கோன் பூசுவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கிய துணுக்குகள் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளலாம். நட்டை இறுக்கோ இறுக்கு என்று இறுக்கினால் மூடி வளையும், அலுமினியத்தில் மரை போய்விடும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வடிகால் நட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காசு பெரிதல்ல, பலர் கேட்பதே இல்லை.

புது சீல் போட்டும் மறுபடி கசிகிறதா? போமனை (மெக்கானிக்கை) திட்டும் முன் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் சின்னச் சாமான் அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலும் ‘டக் டக்’ என்று சத்தம் வரும், வராவிட்டால் மாற்றிவிடலாம். வால்வு நன்றாக இருந்தும் எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதென்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் கேஸ்கெட்டுக்குச் செலவழிப்பது வீண்.

ஒரே கூலியை இரண்டு தடவை கட்டுவது இன்னொரு பெரிய நஷ்டம். வீராவிலும் கன்சிலிலும் டைமிங் பெல்ட் மாற்றும்போதே முன்பக்கத்து கேம் சீல், கிராங்க் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் எல்லாம் கழற்றிக் கிடக்கும். அங்கே கசியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டால் பெல்ட்டும் கெடும். பின் சீல் லேசாக ஈரமாக மட்டும் இருந்தால், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும் நாள்வரை விட்டுவைக்கலாம் என்பதே என் கருத்து. சூடான எக்ஸாஸ்ட் குழாயில் எண்ணெய் சொட்டிக் கருகல் வாடை வந்தால் அந்தச் சலுகை கிடையாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

விலை கேட்கும்போது “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். அண்ணனோ பாஸோ, யாராக இருந்தாலும் “சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு?” என்று பிரித்துக் கேளுங்கள். கழற்றிய பழைய சீலையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கசிவுக்குப் பயந்து ஹாஃப்கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் கடை) இன்னொரு இன்ஜின் வாங்கிப் போட நினைப்பவர்களும் உண்டு. அந்த இன்ஜினின் சீல்களும் பழையவைதான். இறக்கி வைத்திருக்கும்போதே மாற்றாவிட்டால் அதே கதை தொடரும். இன்ஜின் எண் மாறுவதால் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்து, வண்டிப் பத்திரத்திலும் திருத்த வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.