கரிநாளுக்கு முழுக்கோழி: ஓடிஜியிலும் தேக்சாவிலும்

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். தஞ்சாவூர், திருவாரூர், நாகைப் பக்கம் பல வீடுகளில் அன்றைக்குத்தான் அடுப்பில் கறி ஏறும். குழம்பு வழக்கம்போல ஒரு பக்கம் கொதிக்கட்டும். முழுக்கோழி முறுகலாக வர வேண்டுமென்றால் மசாலாவுக்கு முன்னால் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். தோலில் தண்ணீர் இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து முறுகுவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். அதனால் ஈரக்கோழி வேகும், வறுபடாது.

கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள். "தோல் உரிக்க வேணாம், துண்டு போட வேணாம், வெந்நீர்ல முக்கி இறகெடுத்து, குடலை மட்டும் எடுத்துக் குடுங்க" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் தோலை உரித்துவிடுவார்கள். தோல் போனால் நெஞ்சுக்கறி சக்கையாகக் காய்ந்துவிடும், அப்புறம் குழம்புக்குத்தான் ஆகும். உயிரெடை 1.8 கிலோ பிராய்லர் வாங்கினால் சுத்தம் செய்தபின் சுமார் 1.3 கிலோ வரும். ஐந்தாறு பேருக்குப் போதும்.

கழுவியதும் வயிற்றுக்குள்ளும் இறக்கை மடிப்பிலும் துணியை விட்டு ஒற்றி எடுங்கள். பிறகு தூளுப்பு, மட்டமாக 3 தேக்கரண்டி (சுமார் 18 கிராம்), உள்ளும் புறமும் தடவுங்கள். உப்பு முதல் அரைமணி நேரம் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த உப்புநீர் மறுபடி உள்ளே போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நடுவில் அடுப்பேற்றினால் தோல் சொதசொதவென்று இருக்கும், உப்பும் உள்ளே சேராது. முதல்நாள் வீட்டுக்குள் கறி சேர்க்காத வீடென்றால் காலை 6 மணிக்கு வாங்கி, 7 மணிக்கு உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். 11:30க்கு அடுப்பேறினால் 1:30க்கு இலை போடலாம்.

மசாலா தோலுக்கு மேலே அல்ல, அடியில். கழுத்துப் பக்கமிருந்து விரலை மெதுவாக விட்டால் நெஞ்சுத்தோல் பை மாதிரி பிரியும். நகம் பட்டால் கிழியும். மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1, சோம்பு 1 (மூன்றையும் லேசாக வறுத்து), பூண்டு 10 பல், இஞ்சி ஓர் அங்குலம், மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. தண்ணீர் விடாமல், 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு அரைத்து உள்ளே தடவுங்கள். மேலே பூசினால் மிளகாயும் பூண்டும் அரைமணியில் கருகிக் கசக்கும். தயிரும் வேண்டாம், அது முழுக்க ஈரம். தோலுக்கு நெய்யும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் போதும். வெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், நெய்யில் இல்லை. வயிற்றுக்குள் பாதி எலுமிச்சம்பழம், ஒரு கொத்து கறிவேப்பிலை. சோறு அடைத்தால் நடுவில் சூடு ஏறத் தாமதமாகும். அது வேகும்வரை வைத்தால் வெளிக்கறி காய்ந்துபோகும்.

ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார அவன்) என்றால் 200 டிகிரிக்குப் பத்து நிமிடம் சூடாக்கி, கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்கம்பிக்கும் நெஞ்சுக்கும் நான்கு விரல் இடைவெளி இல்லையென்றால் நெஞ்சு கருகும். தொடை வேக நேரமாகும் என்பதால் கால்பக்கம் உட்புறம் பார்த்து இருக்கட்டும். கால்களை இறுக்கிக் கட்ட வேண்டாம், இடுக்கில் சூடு போகாது. 1.3 கிலோவுக்கு 65 முதல் 75 நிமிடம். பண்டிகை நாளில் லோ வோல்டேஜ் வந்தால் இன்னும் இழுக்கும்; கடிகாரத்தை நம்பாதீர்கள்.

ஓடிஜி இல்லாத வீட்டில் அடிகனமான பழைய தேக்சா போதும். அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குக் கல்லுப்பு பரப்புங்கள். ஆற்று மணலுக்கு அலைவதைவிட வேதாரண்யத்துக் கல்லுப்பு வாங்குவது சுலபம். ஆறியபின் எடுத்துவைத்து அடுத்த முறையும் இதற்கே பயன்படுத்தலாம். அதன்மேல் ஒரு தட்டு, தட்டில் பாதியாக நறுக்கிய சின்ன வெங்காயம், அதற்குமேல் கவிழ்த்த இட்லித் தட்டு, அதில் கோழி. உப்பை முன்கூட்டியே 15 நிமிடம் சூடேற்றுங்கள். கொட்டாங்கச்சியை வெளியில் எரித்து, தீயும் புகையும் அடங்கிச் சாம்பல் பூத்த கங்கை மூடிமேல் பரப்பி, கீழே சிறுதீ. அரைமணிக்கு ஒருமுறை கங்கு மாற்ற வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். 75 முதல் 90 நிமிடம் ஆகும். கடைசிக் கால்மணி நேரம் மூடியை விரலளவு தள்ளிவைத்தால் ஆவி போகும். ஓடிஜி அளவு மொறுமொறுப்பு இதில் வராது. இறக்கியதும் புகையக் காய்ந்த நெய் 2 மேசைக்கரண்டியைத் தோல்மேல் ஊற்றினால் சடசடவென்று ஓரளவு முறுகும். கொட்டாங்கச்சி வாசம்தான் இதற்கு ஈடு.

நாட்டுக்கோழி என்றால் முட்டையிடாத வெடைக்கோழியாகப் பாருங்கள். அதையும் முதலில் இட்லிப் பானையில் 35 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டுத் துடைத்து, பிறகு அரைமணி வறுக்க வேண்டும். வயதான கோழியின் சவ்வு வறண்ட சூட்டில் இளகாது, ரப்பராகும். கிழச்சேவலை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

வெந்ததா என்று பார்க்கத் தொடைச்சந்தில் குத்துங்கள். வடிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி. எலும்போரம் மட்டும் சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை நிறம் அப்படிக் கசியும்.

இறக்கியதும் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடும். கால்மணி நேரம் மூடாமல் விட்டு, முதலில் கால், பிறகு நெஞ்சு என்று பிரியுங்கள். தேக்சாத் தட்டில் நெய்யும் சாறும் குடித்துக் கிடக்கிற வெங்காயத்தைப் பரிமாறத் தனியாக எடுத்துவைக்காதீர்கள். அந்தத் தட்டிலேயே சூடான சோறு இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுங்கள்.